சுண்டலும் மிக்சரும்: ஒரே கடலை, இரண்டு பாதை

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் சாயங்கால நேரம் பழனி வண்டிக்கோ நத்தம் வண்டிக்கோ காத்து நிற்பவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று காகிதத்தில் மடித்த சுண்டல். மற்றது, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து வாங்கிய மிக்சர்.

சர்க்கரை நோய் உள்ளவரிடம் மருத்துவர் சுண்டல் சாப்பிடச் சொல்கிறார். அதே மருத்துவர் மிக்சர் வேண்டாம் என்கிறார். "அதுவும் கடலைதானே டாக்டர்?" என்று நோயாளி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. மிக்சரில் இருப்பவை என்னென்ன? கடலை மாவு, நிலக்கடலை, பொட்டுக்கடலை, அவல், கறிவேப்பிலை, பூண்டு. தனித்தனியாக எடுத்தால் ஒன்றைக்கூடக் கெட்ட பொருள் என்று சொல்ல முடியாது. நல்ல பொருள்களாகவே சேர்த்துச் செய்த பண்டம் எப்படி வேண்டாத பண்டம் ஆனது?

"பாக்கெட்டில் கெமிக்கல் போடுகிறார்கள்" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அந்தப் பதில் நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. விடை அடுப்படியிலேயே இருக்கிறது.

100 கிராம் கடலையின் கதை

ஒரே மூட்டையிலிருந்து இரண்டு முறை 100 கிராம் கடலை எடுப்போம். ஒன்றைச் சுண்டலாக்குவோம், மற்றதை மாவாக்கி ஓமப்பொடி பிழிவோம். ஓமப்பொடிதானே மிக்சரில் பெரும்பங்கு.

முதல் பாதை சுண்டல். 100 கிராம் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, காலையில் வேகவைத்தால் அது தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய 240 கிராம் ஆகிவிடும். தாளிக்க ஒரு சிறு கரண்டி எண்ணெய், மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல். கடலையில் இருப்பது சுமார் 370 கலோரி. தாளிப்பும் தேங்காயும் சேர்ந்து 80. மொத்தம் 450. (பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சிடுவதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம்.)

இரண்டாம் பாதை ஓமப்பொடி. அதே எடை கடலை மாவில் உப்பும் மிளகாய்த் தூளும் ஓமத் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, காய்ந்த எண்ணெயில் பிழிகிறோம். பிசையும்போது ஊற்றிய தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போய்விடும். மாவுக்குள் இயல்பாகவே இருந்த 10 கிராம் ஈரத்திலும் பெரும்பகுதி போய்விடும். அந்த இடத்தில் 50 கிராம் அளவுக்கு எண்ணெய் வந்து உட்காரும். கையில் கிடைக்கும் ஓமப்பொடி சுமார் 145 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்றால் 50 கிராமுக்கு 450. மாவின் 370-ஐச் சேர்த்தால் 820.

இப்போது எடைக்கு எடை வைத்துப் பாருங்கள். 100 கிராம் சுண்டலில் ஏறக்குறைய 190 கலோரி. 100 கிராம் ஓமப்பொடியில் 565. மூன்று மடங்கு. புதிதாக நஞ்சு எதுவும் சேரவில்லை. தண்ணீர் வெளியேறியது, எண்ணெய் குடியேறியது, அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட எடை உணவுக்குள் எவ்வளவு கலோரி அடைந்திருக்கிறது என்பதை 'ஆற்றல் அடர்த்தி' என்று அழைப்போம். வயிறு நிறைவை உணர்வது பெரும்பாலும் உணவின் பருமனையும் எடையையும் வைத்து. உள்ளே போனது சுண்டலா ஓமப்பொடியா என்று பார்த்துக் கலோரியைக் கூட்டிச் சொல்லும் கணக்குப்பிள்ளை அங்கே இல்லை.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலகாரம் எண்ணெயில் மிதக்கும்போதே எண்ணெயைக் குடித்துவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு.

காய்ந்த எண்ணெயின் வெப்பம் 170 முதல் 180 டிகிரி. மாவிலிருக்கும் தண்ணீருக்கு 100 டிகிரி போதும். மாவு எண்ணெயைத் தொட்ட நொடியில் தண்ணீர் நீராவியாகி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை இட்டுக்கொண்டு வெளியே சீறுகிறது. சடசடவென்ற ஓசையும் நுரையும் அந்த நீராவிதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே அதிகம் நுழைய முடியாது. நம் பாட்டிகள் ஓசை அடங்கியதும் பலகாரத்தை எடுத்தார்களே, அந்தக் கணக்கு மிகச் சரியானது: தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பதன் அறிவிப்பு அது.

வெளியே எடுத்த பிறகுதான் முக்கியமான காரியம் நடக்கிறது. சூடு இறங்கும்போது துளைகளில் மிச்சமிருந்த ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை அந்த வெற்றிடம் உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. பலகாரத்தில் சேரும் எண்ணெயில் பெரும்பங்கு இப்படி ஆறும் நேரத்தில் போனதுதான் என்பதை உணவுப் பொறியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் வாணலிக்கு மேலேயே, சூட்டிலேயே, சற்று நேரம் பிடித்து வடியவிடுவது வெறும் சிக்கனம் இல்லை. ஆறிப்போன பின் காகிதத்தில் ஒற்றினால் வெளியே இருப்பது மட்டும் வரும், உள்ளே போனது வராது. பெரிய ஆலைகளில் சூட்டோடு சூடாகப் பலகாரத்தைச் சுழற்றி எண்ணெயை உதறும் எந்திரங்கள் வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மெலிந்ததுதான் அதிகம் குடிக்கும்

எண்ணெய் ஏறுவது மேற்பரப்பு வழியாக என்றால், எடைக்கு மேற்பரப்பு அதிகமுள்ள பண்டம் அதிகம் குடிக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சேவையும் 2 மில்லிமீட்டர் ஓமப்பொடியையும் ஒரே எடையில் எடுத்துக்கொண்டால், ஓமப்பொடியின் மேற்பரப்பு நான்கு மடங்கு. மிக்சரில் ஓமப்பொடி மெலிய மெலிய மொறுமொறுப்பும் கூடுகிறது, எண்ணெயும் கூடுகிறது. அதற்காகச் சேவு தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். வாயில் போட்டதும் பொலபொலவென உதிர்வதற்காக அதன் மாவிலேயே சூடான எண்ணெயை ஊற்றிப் பிசைகிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு இந்த விஷயத்தில் அமைந்த இடமே தனி. திருச்சி செல்லும் ரயில் பாதையில் மணப்பாறை முறுக்கு, தெற்கே மதுரை தாண்டிப் போனால் சாத்தூர் சேவு. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஊர்ப் பலகாரங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் விருந்தாளி வரும்போதும் தின்றவை அவை. மாறியது பண்டம் மட்டும் இல்லை, அது கிடைக்கும் நேரமும்தான். இன்று காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும், பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனை வாசலிலும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

"சுகர் ஏறவில்லையே!"

விவரமான நோயாளிகள் ஒரு சோதனை செய்துவிட்டு வருவார்கள். மிக்சர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்திருப்பார்கள். இட்லிக்கு ஏறுகிற அளவு கூட ஏறியிருக்காது. "அப்புறம் என்ன, சாப்பிடலாம்தானே?"

அளவீடு பொய் சொல்லவில்லை. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். கடலை மாவும் அரிசியைப்போல வேகமாகச் சர்க்கரையாவதில்லை. அதனால் கருவியில் எண் குறைவாகத் தெரிகிறது. ஆனால் வந்து சேர்ந்த கலோரி எங்கும் போகவில்லை. இடுப்பைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பாகச் சேர்ந்து, இன்சுலின் வேலை செய்யவிடாமல் மாதக்கணக்கில் தடுக்கும். இரண்டு மணி நேரச் சோதனை அதைக் காட்டாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். விரல் நுனிச் சோதனையை மட்டும் நம்பி இருக்க இது காலம் இல்லை.

மாவாக்கும்போது இன்னொன்றும் இழக்கிறோம். முழுக் கடலையில் மாவுச்சத்து, செல்சுவர் என்ற உறுதியான நார் உறைக்குள் இருக்கிறது. வெந்த பிறகும் அந்த உறை பெரும்பாலும் உடைவதில்லை. செரிமான நீர் உள்ளே புக நேரம் பிடிக்கும். அரவை எந்திரம் அந்த உறையைக் கிழித்துவிடுகிறது. சுண்டலின் மேன்மையில் பாதி அந்த உறையில் இருக்கிறது.

இதனால்தான் மிக்சரிலேயே நிலக்கடலைக்கு வேறு இடம் தர வேண்டியிருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 567 கலோரி. ஓமப்பொடிக்குச் சமம். ஆனால் அதன் கொழுப்பு செல்லுக்குள் அடைபட்டிருக்கிறது. மென்று விழுங்கும்போது எல்லாச் செல்லும் உடைவதில்லை. ஒரு பங்கு கொழுப்பு உடலில் சேராமலே வெளியேறுகிறது. மேலும் அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த வகை. வேகவைத்த கடலை விற்கும் தள்ளுவண்டிக்காரர், அறிவியலின் கணக்கில் பக்கத்துக் கடையைவிட நல்ல பண்டம் விற்கிறார்.

கலவையே காரணம்

ஒரு கைப்பிடியோடு ஏன் நிறுத்த முடிவதில்லை? நாக்குக்கு மனவுறுதி இல்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். வேண்டாம். அதன் பின்னால் உடலியல் இருக்கிறது.

ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மீதான விருப்பம் மெல்லக் குறையும். வேறு சுவை வந்தால் விருப்பம் மறுபடி எழும். இதைச் 'சுவைச் சலிப்பு' எனலாம். 1980-களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் தம் குழுவுடன் இதைச் சோதித்தார். ஒரே உள்ளீடு வைத்த சாண்ட்விச்சைத் தந்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு விதமான உள்ளீடுகளோடு தந்தபோது மக்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

மிக்சரைப் பாருங்கள். ஓமப்பொடி உதிர்கிறது, பூந்தி நொறுங்குகிறது, கடலை எதிர்த்து நிற்கிறது, அவல் காற்றாகக் கரைகிறது, நடுவில் ஒரு கறிவேப்பிலை, ஒரு வறுத்த பூண்டு. எந்தச் சுவையும் சலிக்கும் அளவுக்கு நீடிப்பதே இல்லை. வெறும் பூந்தியை ஒரு கிண்ணம் தின்ன முடியாதவர் மிக்சரை இரண்டு கிண்ணம் தின்கிறார். போதாததற்கு, மொறுமொறுப்பான பண்டம் வாயில் சீக்கிரம் கரைந்துவிடும். அதிகம் மெல்ல வேண்டியதில்லை. வயிறு "போதும்" என்று சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பாக்கெட் காலியாகிவிடும்.

2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய சோதனை இதற்குத் துணை நிற்கிறது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும் இரண்டு வாரம் சமைத்த உணவும் தந்தார்கள். பரிமாறியவற்றில் கலோரி, உப்பு, சர்க்கரை, நார் எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு தந்த வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். பரிமாறியது மிக்சர் இல்லை, அமெரிக்க உணவு. ஆனாலும் வாயின் வேகமும் வயிற்றின் தாமதமும் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

எந்த எண்ணெய், எத்தனை உப்பு

பாக்கெட்டின் பின்புறம் பொருள்பட்டியலில் 'பாமோலின்' அல்லது 'பனை எண்ணெய்' என்று பெரும்பாலும் இருக்கும். விலை குறைவு என்பது ஒரு காரணம். மாதக்கணக்கில் கெடாது என்பது இன்னொரு காரணம். கெடாமல் இருப்பதற்கு அதிலுள்ள 'நிறைவுற்ற கொழுப்பு' உதவுகிறது. ஆக்சிஜன் எளிதில் தாக்க முடியாத வகைக் கொழுப்பு அது. பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி அந்த வகை. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். பாக்கெட்டைக் கடை அலமாரியில் காப்பாற்றும் அதே குணம்தான் நம் இரத்தக் குழாய்க்கு ஆகாததாக இருக்கிறது.

முன்பக்கத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருந்தால் அதைப் படிக்காமலே விட்டுவிடலாம். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்காது. கேள்வி நிறைவுற்ற கொழுப்பைப் பற்றியது. செயற்கையாகக் கெட்டிப்படுத்திய 'டிரான்ஸ்' கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்துவிட்டது. நல்ல சட்டம்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் தனிச் சிக்கல். காயக் காய எண்ணெய் சிதைந்து சேரும் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. கருத்துப்போன, பிசுபிசுத்த, காய்வதற்கு முன்பே புகையும் எண்ணெயைச் சட்டி ஓரத்தில் பார்த்தால் அந்தக் கடையைக் கடந்து போய்விடுங்கள். இந்த வகையில் பெயர் போட்ட பாக்கெட், தராசில் நிறுத்துத் தரும் மிக்சரைவிடச் சில சமயம் மேலாகவே இருக்கும். பாக்கெட் உப்பியிருக்கக் காரணமான காற்று பெரும்பாலும் நைட்ரஜன். எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்கவைக்கும் ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு நிரப்புவது. அது நம்மை ஏமாற்ற மட்டும் வைத்த வெற்றிடம் இல்லை.

உப்பு விஷயத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று நம் மூன்று வேளைச் சாப்பாடே அந்த வரம்பை எட்டிவிடும். அதற்கு மேல் வருவதுதான் மிக்சர். சோடியம் உடலில் நீரைப் பிடித்து வைக்கிறது, இரத்தத்தின் கன அளவு கூடுகிறது, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் 2023-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டில் நாட்டில் 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம், 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

30 கிராம் என்னும் கணக்கு

இனி பாக்கெட்டைத் திருப்புவோம். வழக்கமான ஒரு மிக்சரில் 100 கிராமுக்கு 548 கலோரி, 36 கிராம் கொழுப்பு, அதில் 14 கிராம் நிறைவுற்றது, 900 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையிலுள்ள பாக்கெட்டில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

2020-ம் ஆண்டு விதிமுறைப்படி ஒருவருக்கான நாளளவில் எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிட வேண்டும். நாளளவு என்பது 2000 கலோரி, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2000 மில்லிகிராம் சோடியம். நிறுவனங்கள் பொதுவாக 'ஒரு பரிமாறல் 30 கிராம்' என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். அப்படிப் போட்டால் கலோரி 8 சதவீதம், சோடியம் 14 சதவீதம் என்று எல்லாம் சாதுவாகத் தெரியும். 30 கிராம் என்பது ஒரு கைப்பிடிதான். தொலைக்காட்சி முன் 200 கிராம் பாக்கெட்டை ஒருவரே முடித்தால் 1096 கலோரி, 28 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 1800 மில்லிகிராம் சோடியம். நாளளவில் முறையே 55, 127, 90 சதவீதம். இரண்டு பேர் பகிர்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் இதில் பாதி. அதன் மேல்தான் இரவுச் சாப்பாடு.

சட்டம் இதில் இரு பக்கமும் இழுக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது 2020-ம் ஆண்டு விதி. பாக்கெட் மிக்சருக்கான ஜி.எஸ்.டி.யோ 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை வேண்டுமா, நட்சத்திர மதிப்பெண் வேண்டுமா என்ற வாதம் 2022-ல் வெளியான வரைவு விதியிலிருந்து நடக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்துக்குள் பரிந்துரை தரும்படி நிபுணர் குழுவுக்குக் காலக்கெடு வைத்தது. என் நிலை தெளிவானது: எச்சரிக்கைதான் வேண்டும். எண்ணெயும் உப்பும் நிறைந்த பண்டத்தில் கொஞ்சம் கடலை இருக்கிறது என்பதற்காக இரண்டு நட்சத்திரம் தருவது, சுண்டல் என்று நினைத்து மிக்சர் வாங்க வைக்கும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 2016 முதலே இப்படிப்பட்ட பாக்கெட்டுகளின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. எழுத்து சரியாகப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும்.

நமக்கு அது வரும் வரை நாமே ஒரு சிறு கணக்கு போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனில் 100 கிராமில் கொழுப்பு 17.5 கிராமையும், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமையும், சோடியம் 600 மில்லிகிராமையும் (1.5 கிராம் உப்பு) தாண்டினால் சிவப்பு நிறம் தீட்டுகிறார்கள். மேலே நாம் எடுத்துக்கொண்ட மிக்சர் மூன்றிலும் சிவப்பு. வீட்டில் யாராவது இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், அடுத்த முறை கடையில் காசு கொடுப்பதற்கு முன் சோடியம் வரியை மட்டுமாவது படியுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பாக்கெட்டோடு உட்காராமல் ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு மிச்சத்தை மூடி வையுங்கள்.